கறிவேப்பிலைப் புழு கூட்டுக்குள் கரைந்து போகிறதா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். புக்கிட் மெர்தாஜாமில் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் மகன் மூன்று புழுக்களைக் கண்டெடுத்திருக்கிறான். அதில் பெரியது போன ஞாயிற்றுக்கிழமை கூடாகிவிட்டது. உள்ளே புழு கரைந்து கூழாகிவிடும், அந்தக் கூழிலிருந்துதான் பட்டாம்பூச்சி வரும் என்று ஏதோ காணொளியில் கேட்டுவிட்டு, "அப்போ என் புழு செத்துப்போச்சா? வரப்போறது வேற ஒண்ணா?" என்று அழுதிருக்கிறான். பாட்டி அவனைத் தேற்றுவதற்காக, குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும், அது மாதிரிதான் இதுவும் என்று சொல்லியிருக்கிறார். கரப்பான் பூச்சி மட்டும் ஏன் சின்னதிலிருந்தே கரப்பானாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் பல வருடம் அறிவியல் பாடம் எடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி வீட்டு பால்கனியில் கறிவேப்பிலையும் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையும் வைத்து, சமையலுக்குப் பாதி, புழுவுக்குப் பாதி என்று வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மகனிடம் சொல்ல வேண்டியது: புழு சாகவில்லை. அது முழுசாகக் கரையவும் இல்லை. கூடான அன்றும் அதற்கு இதயம் துடித்தது, இன்றும் துடிக்கிறது. வரப்போகும் பட்டாம்பூச்சி அவன் இலை போட்டு வளர்த்த அதே உயிர்தான். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'கூடு' என்ற சொல் என்று நினைக்கிறேன். கூடு என்றதும் குருவிக்கூடு மாதிரி, வெளியில் ஒன்றைக் கட்டி அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதாகத்தான் மனசில் படம் வருகிறது. பட்டுப்புழு அப்படிச் செய்வது உண்மைதான். தன்னைச் சுற்றி நூல் நூற்று உறை கட்டி, அந்த உறைக்குள் கூட்டுப்புழுவாக மாறும். ஆனால் உங்கள் கறிவேப்பிலைப் புழு எதையும் கட்டவில்லை. நீங்கள் பார்க்கும் அந்தப் பச்சைக் கூடு அதனுடைய தோல். புழு கூட்டுக்குள் போகவில்லை, புழுவுக்குள்ளிருந்து கூடு வெளியே வந்தது. மற்ற இரண்டு புழுக்களும் இன்னும் கூடாகவில்லை என்பதால் மகனால் இதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். அதற்கு அவன் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கறிவேப்பிலையில் நம் பக்கம் அதிகம் வருவது கறுப்பு இறக்கையில் வரிசையாக வெள்ளைப் பொட்டு வைத்த பட்டாம்பூச்சி. முட்டை பொரிய மூன்று நாலு நாள் ஆகும். சின்ன வயசில் புழு பார்ப்பதற்குக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், அதனால்தான் முதல் பத்து நாள் நம் கண்ணிலேயே படாது. நாலு தடவை சட்டை உரிக்கும். நாலாவது சட்டையைக் கழற்றியதும் திடீரென்று பச்சையாகி, தோளில் பொய்க்கண் மாதிரி கோலத்தோடு நிற்கும். அந்தக் கட்டத்தில் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் அடிக்கும். பையன் இதைக் கட்டாயம் கண்டுபிடித்திருப்பான்.

அப்புறம் ஒரு நாள் சாப்பிடுவதை நிறுத்திவிடும். வழக்கமாகப் போடும் காய்ந்த உருண்டைக்குப் பதிலாக ஈரமாக, சளசளவென்று வயிற்றைக் காலி செய்யும். செடியை விட்டு இறங்கி அலைய ஆரம்பிக்கும். என் வீட்டில் ஒன்று தொட்டியிலிருந்து இறங்கி, கொடியில் காயும் துண்டைத் தாண்டி, ஜன்னல் கம்பி வரைக்கும் போயிருக்கிறது. இடம் பிடித்ததும் வால் பக்கம் ஒரு சின்னப் பட்டுத் திட்டு நெய்து, அதைப் பின்னங்கால்களால் பற்றிக்கொள்ளும். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இழை மேல் இழையாக ஒரு வளையம் போட்டு, அதற்குள் தலையை நுழைத்து முதுகில் மாட்டிக்கொள்ளும். பனையேறிகள் மரத்தையும் உடம்பையும் சேர்த்துக் கயிறு போட்டுப் பின்னால் சாய்ந்து நிற்பார்களே, அச்சு அசல் அந்த நிலை. அப்படியே ஒரு நாள் அசையாமல் இருக்கும்.

மறுநாள்தான் பார்க்க வேண்டிய காட்சி. பெரும்பாலும் நாம் தூங்கும்போது நடந்துவிடும். நான் ஒரு தீபாவளி விடுமுறையில் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தேன். தலைக்குப் பின்னால் தோல் வெடித்தது. கால்சட்டையைக் கழற்றுவது மாதிரி உடம்பை நெளித்து நெளித்துப் பழைய தோலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. பழைய தலை, பழைய கால்கள், எல்லாம் அந்தத் தோலோடு வாலுக்குப் போய்ச் சுருங்கிவிட்டன. கடைசியில் ஒரு நொடி வாலைத் தோலிலிருந்து வெளியே உருவி, நுனியில் உள்ள நுண்ணிய கொக்கிகளைப் பட்டுத் திட்டில் மாட்ட வேண்டும். அந்த ஒரு நொடி அதைத் தாங்கிக்கொண்டிருப்பது முதுகுக் கயிறு மட்டும்தான். மாட்டியது. எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

உடனே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரமாக, மெத்தென்று இருந்த அந்தப் புதிய உடம்பின் மேல் இரண்டு பக்கமும் சின்ன இறக்கைகளின் வரைகோடு தெரிந்தது. மடித்து ஒட்டின கால்கள், உணர்கொம்புகள், தேன் குடிக்கும் குழல், எல்லாம் அச்சுப் பதித்த மாதிரி அதனதன் இடத்தில் இருந்தன. தோல் உரித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூழாகிப் பிறகு இறக்கை முளைக்கிறது என்றால், கூடான முதல் நிமிடமே இறக்கை எப்படி வந்தது? முன்னாலேயே இருந்தது, அதுதான் பதில். 1669ல் ஹாலந்துக்காரர் யான் ஸ்வாம்மர்டாம் பூச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வாதாடினார். புழு செத்து வேறொன்று பிறக்கிறது என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள். அவர் முதிர்ந்த புழுவின் தோலைப் பிரித்து, உள்ளே இறக்கையின் தொடக்கம் மடங்கி இருப்பதைக் காட்டினார். உங்கள் மகன் கேட்ட கேள்வி அவ்வளவு பழையது, அவ்வளவு நல்லது.

புழு முட்டைக்குள் உருவாகும்போதே சில அணுக்கூட்டங்கள், அதாவது செல் கூட்டங்கள், தனியாக ஒதுக்கி வைக்கப்படுகின்றன. இறக்கைக்கு என்று உள்ளே சின்னச் சின்னப் பைகளாக, மொட்டு மாதிரி. புழு இலை தின்று கொழுக்கும் இரண்டு வாரமும் இவையும் மெதுவாக வளர்கின்றன, ஆனால் விரிவதில்லை. கடைசிக் கட்டத்தில்தான் வேகமாக வளர்ந்து, கூடாகும் நேரத்தில் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்கின்றன.

சரி, அந்தக் கூழ் கதை எங்கிருந்து வந்தது? அதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு மூன்று நாளான கூட்டை யாராவது வெட்டினால் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாலேடு மாதிரி ஒன்று வழியும். பூச்சிகளுக்கு நம்மைப் போல் ரத்தக் குழாய்களின் வலை கிடையாது. உடம்பே ஒரு பை, உறுப்புகள் அதற்குள் ரத்தத்தில் மிதக்கின்றன. அதனால் எங்கே வெட்டினாலும் வழியும். அதோடு புழு சேர்த்து வைத்த கொழுப்பு இந்தச் சமயத்தில் தனித்தனி செல்களாகப் பிரிந்து ரத்தத்தில் கலந்து நிற்கும். புழுவின் தசைகளில் பெரும்பகுதியும் உடைந்து, புதுத் தசை கட்ட மூலப்பொருளாகிறது. வெட்டினவர் கண்ணுக்கு எல்லாம் கூழாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. வெட்டாமல் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 2013ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் உயிரோடு இருந்த பட்டாம்பூச்சிக் கூடுகளை, மருத்துவமனையில் எடுக்கும் சிடி ஸ்கேன் மாதிரியே, ஆனால் மிக நுட்பமான அளவில், பல தடவை படம் எடுத்தார்கள். மூச்சுக் குழாய்கள் முதல் நாளிலிருந்தே தெளிவாக இருந்தன. குடல் கரைந்து காணாமல் போகவில்லை, உருவம் மாறிச் சுருங்கியது. இதயக் குழாயும் நிற்பதில்லை.

மாற்றம் சின்னது என்று சொல்லவில்லை. கடிக்கும் தாடை போய் உறிஞ்சும் குழல் வருகிறது. பக்கத்துக்கு ஆறு புள்ளிக் கண்ணை வைத்து மங்கலாகப் பார்த்தது, ஆயிரக்கணக்கான பட்டை வைத்த கூட்டுக் கண்ணுக்குப் போகிறது. வீட்டை இடிக்காமல், ஆள் குடியிருக்கும்போதே சுவர் மாற்றி மாடி எடுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி வேலை இது. தண்ணீர்க் குழாயும் கரண்ட் ஒயரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒயர், அதாவது நரம்பு மண்டலம், இதில்தான் மகனுக்கான நேரடியான பதில் இருக்கிறது. பல நரம்பு செல்கள் புழுவிலிருந்து அப்படியே பட்டாம்பூச்சிக்குப் போகின்றன. பழைய கிளைகளைக் கவாத்து பண்ணிவிட்டுப் புதுக் கிளை விடுகின்றன. அப்படியென்றால் ஞாபகமும் போகுமா? 2008ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி வாசம் அடிக்கும் ஒரு பொருளைக் காட்டி, அதோடு மெல்லிய மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த வாசம் வந்தாலே புழுக்கள் விலகிப்போகக் கற்றுக்கொண்டன. பிறகு அவை கூடாகி, அந்துப்பூச்சியாகி வெளியே வந்தன. பழைய வாசத்தைக் காட்டியபோது பெரும்பாலானவை அப்போதும் விலகிப்போயின. கடைசிக் கட்டத்தில் கற்றுக்கொண்ட புழுக்களுக்கு மட்டும்தான் இந்த ஞாபகம் தங்கியது, இரண்டு சட்டை மட்டும் உரித்திருந்த மூன்றாவது கட்டத்தில் கற்றவற்றுக்கு இல்லை. மூளையில் எந்தப் பகுதி எப்போது கட்டப்படுகிறதோ அதைப் பொறுத்தது அது. உங்கள் மகனின் புழு அவனை அடையாளம் வைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அப்படி யாரும் காட்டவில்லை. ஆனால் புழுவாக இருந்தபோது பட்டது ஒன்று பூச்சியானபிறகும் மிஞ்ச முடிகிறது. புழு செத்து வேறொன்று புதிதாகப் பிறந்திருந்தால் அது சாத்தியமில்லை.

எப்போது சட்டை உரிப்பது, எப்போது கூடாவது என்று புழுவுக்கு யார் சொல்கிறார்கள்? இரண்டு ஹார்மோன்கள். அடுப்பைப் பற்றவைப்பது ஒருவர், இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வது இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்டைசோன் என்பது அடுப்பைப் பற்றவைப்பது. அது சுரந்தால் தோல் உரிப்பது நிச்சயம். இளமை ஹார்மோன் என்பது சமையல் என்னவென்று சொல்வது. அது ரத்தத்தில் நிறைய இருக்கும்போது அடுப்பு பற்றினால், உரித்த தோலிலிருந்து இன்னும் பெரிய புழுதான் வரும். கடைசிக் கட்டத்தில் அது வற்றிப்போகிறது, அப்போது அடுப்பு பற்றினால் கூடு. சின்னப் புழுவிலிருந்து இளமை ஹார்மோன் சுரப்பியை எடுத்துவிட்டால், நேரத்துக்கு முன்னாலேயே குட்டிக் கூடாகிக் குட்டிப் பூச்சியாக வருகிறது. பெரிய புழுவுக்கு அந்த ஹார்மோனைக் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு சட்டை அதிகமாக உரித்து ராட்சதப் புழுவாகிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. போலந்துக்காரர் ஸ்டெஃபான் கொபெச், 1917 வாக்கில், கடைசிக் கட்டத்து அந்துப்பூச்சிப் புழுக்களின் நடு உடம்பை நூலால் இறுக்கிக் கட்டினார். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் கட்டினால் முன்பாதி மட்டும் கூடானது, பின்பாதி புழுவாகவே நின்றது. அந்த நாளுக்குப் பின் கட்டினால் இரண்டு பாதியும் கூடாயின. மூளையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடிப் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு கயிறு கட்டியும் பயனில்லை. ஒரு நூலை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டினார் என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சுப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் 1954ல் ஜெர்மனியில் புடெனாண்ட், கார்ல்சன் என்ற இருவர் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் பிரித்தெடுத்தார்கள். அரை டன்னிலிருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை.

இன்னொன்று, 1960களில் நடந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகாவிலிருந்து கரேல் ஸ்லாமா என்ற ஆராய்ச்சியாளர் தான் வளர்த்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளோடு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். சொந்த ஊரில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே பெரியவையாக மாறவே இல்லை, கூடுதலாகச் சட்டை உரித்துப் பெரிய குஞ்சுகளாகவே செத்தன. சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் காரணம் கிடைத்தது. பெட்டியில் விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்கக் காகிதம் ஃபர் என்ற ஒரு வகை ஊசியிலை மரத்திலிருந்து வந்தது, அந்த மரம் இளமை ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும் பொருளை வைத்திருந்தது. அமெரிக்க நாளிதழ்களை விரித்தாலும் அதே கதி, லண்டன் நாளிதழை விரித்தால் ஒன்றும் ஆகவில்லை.

இது வெறும் கதையாக நிற்கவில்லை, நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. பைரிப்ராக்சிஃபென் என்ற கொசு மருந்து இளமை ஹார்மோனைப் போல நடிப்பது. கொசுப் புழு, நாம் ஜெந்திக்-ஜெந்திக் என்று சொல்வது, அந்த மருந்து கலந்த தண்ணீரில் வளர்ந்து கூடாகும், ஆனால் கூட்டிலிருந்து கொசுவாக வெளியே வர முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை பூந்தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜ் பின்தட்டையும் கவிழ்க்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கொசுவின் கூட்டுப்புழு காற்புள்ளி மாதிரி வளைந்து, கூடாக இருந்தும் குட்டிக்கரணம் போட்டு நீந்தும். ஆனால் எதையும் தின்னாது, அதனால் தின்றால் மட்டுமே கொல்லும், பாக்டீரியாவிலிருந்து செய்த கொசு மருந்து அந்தக் கட்டத்தில் ஒன்றும் செய்யாது. புழுவாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

கரப்பானுக்கு வருகிறேன். கரப்பான், வெட்டுக்கிளி, தட்டான், இவற்றுக்குக் கூட்டுப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து வருவதே இறக்கையில்லாத சின்னக் கரப்பான். ஒவ்வொரு சட்டை உரிப்பிலும் கொஞ்சம் பெரிதாகி, முதுகில் இறக்கை மொட்டு வெளிப்படையாகவே நீண்டு, கடைசிச் சட்டையோடு முழு இறக்கை. சமையலறையில் சில சமயம் வெள்ளை வெளேரென்று ஒரு கரப்பான் தென்பட்டுப் பயந்திருப்பீர்கள். அது அப்போதுதான் சட்டை உரித்தது, சில மணி நேரத்தில் நிறம் ஏறிவிடும். எக்டைசோனும் இளமை ஹார்மோனும் அதற்கும் உண்டு, அதே அடுப்புதான். இடையில் கூடு என்ற ஒரு பதார்த்தம் அதன் சமையலில் இல்லை, அவ்வளவுதான்.

கூடு இருப்பதில் என்ன லாபம்? சின்னக் கரப்பானும் பெரிய கரப்பானும் ஒரே அலமாரியில் ஒரே தீனிக்கு நிற்கின்றன. கறிவேப்பிலைப் புழுவுக்கு இலை, பட்டாம்பூச்சிக்குத் தேன், பிள்ளையும் தாயும் ஒரே தட்டுக்குப் போட்டியிடுவதில்லை. புழு தின்பதற்கென்றே ஆன உடம்பு, பறக்க வேண்டிய கவலை அதற்கு இல்லை. பட்டுப்புழு பொரிந்த நாளிலிருந்து ஏறக்குறைய 10,000 மடங்கு எடை ஏறுகிறது. பட்டாம்பூச்சி துணை தேடவும் முட்டையிடவும் ஆன உடம்பு. இரண்டுக்கும் இடையில் மாற்றிக் கட்ட ஒரு அடைப்பு நாள் வேண்டும், அதுதான் கூடு. இதுவரை பெயர் வைத்திருக்கும் சுமார் 10 லட்சம் பூச்சி இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் கூட்டு வழியில் போகிறவை. வண்டு, ஈ, கொசு, எறும்பு, தேனீ எல்லாம் இதில் சேர்த்தி.

கூட்டிலிருந்து வந்தால் இறக்கை உண்டு என்பதும் கட்டாயம் இல்லை. நான் பிறந்தது தோட்டத்தில். செம்பனை ஓலையில் காய்ந்த இலைத் துணுக்குகளை ஒட்டிச் சின்னப் பை கட்டிக்கொண்டு தொங்கும் புழு ஒன்று உண்டு, மலாயில் உலாட் புங்குஸ் என்பார்கள், மட்டையையே பழுப்பாக்கிவிடும். அதில் ஆண் மட்டும் இறக்கையோடு பறக்கும். பெண்ணுக்கு இறக்கையே வராது, பைக்குள்ளேயே இருந்து, பைக்குள்ளேயே முட்டையிட்டு, அங்கேயே முடிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் ஆடி அடுத்த ஓலைக்குப் போகும்.

இனிப் பாட்டியின் குளவி. பாட்டியைத் திருத்தும்போது மெதுவாகச் செய்யுங்கள், அவர் சொன்னது பொய்யல்ல. நம் ஆட்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். குளவி மண் உருட்டி வந்து சாமி படத்துக்குப் பின்னால் கூடு கட்டும், பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து வாயை மூடும், சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். உள்ளே போனது புழு, வந்தது குளவி. நடுவில் நடந்ததைப் பார்க்கக் கூட்டைப் பிரிக்க வேண்டும், வீட்டில் குளவிக்கூட்டைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. ஒரு தடவை வெள்ளையடிக்கும்போது விழுந்து உடைந்த கூட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு அறையில் ஐந்தாறு பச்சைப் புழுக்கள் அடுக்கியிருந்தன. அழுகவில்லை, ஊசியால் தொட்டால் லேசாக அசைந்தன. குளவி கொட்டியது மயங்கிக் கிடக்க வைக்கத்தான், தீனி கெடாமல் இருக்க. பக்கத்து அறையில் புழுக்கள் பாதி குறைந்திருந்தன, நடுவில் வெள்ளையாகக் காலில்லாத ஒரு குட்டி. அதுதான் குளவியின் சொந்தப் பிள்ளை. தாய் வைத்த முட்டையிலிருந்து வந்து, வைத்த புழுக்களைத் தின்று, அங்கேயே கூடாகிக் குளவியாகும். புழுவுக்குப் பதில் சிலந்தியை அடுக்கும் குளவியும் உண்டு. ஆக, பச்சைப் புழு ஒருநாளும் குளவியாவதில்லை, குளவிப் புழுதான் குளவியாகிறது.

குளவி என்றதும் ஒரு எச்சரிக்கை. கூடான முதல் சில மணி நேரம் தோல் மெத்தென்று இருக்கும்போது கொசுவைவிடச் சின்னக் குளவிகள் அதில் முட்டை வைத்துவிடும். எனக்கு இப்படி இரண்டு கூடு போயிருக்கிறது. பத்து நாள் காத்திருந்து கடைசியில் குண்டூசி ஓட்டை ஒன்று, அதன் வழியாக வரிசையாகச் சின்னக் குளவிகள். மற்ற இரண்டு புழுக்களும் இலையை விட்டு அலைய ஆரம்பித்ததும் மெல்லிய வலைத்துணி போட்ட ஒரு டப்பாவுக்குள் ஒரு குச்சியோடு வைத்துவிடுங்கள். அதுவரை உங்கள் தொட்டி இலையை மட்டும் கொடுங்கள். ஒருமுறை என் செடி மொட்டையாகிவிட்டதென்று காலைச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கிப் போட்டேன், இரண்டு தடவை கழுவியும் ஏழு புழுவும் மறுநாள் காலை சுருண்டு கிடந்தன. மருந்தடித்த இலை.

கூடு பச்சையாக இருந்தாலும் பழுப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம், ஒட்டிய இடத்தைப் பொறுத்து நிறம் வருகிறது. ஏறக்குறைய பத்து நாளில், அதாவது உங்கள் கணக்கில் அடுத்த வாரம், கூடு கறுக்கும், மகன் பயப்படுவான். அது கெட்டுப்போன கறுப்பு இல்லை, உள்ளே இறக்கையின் நிறம் தோல் வழியாகத் தெரிகிறது, வெள்ளைப் பொட்டுகள்கூடத் தெரியும். அநேகமாக மறுநாள் காலையிலேயே வெளியே வந்துவிடும். சிரமப்படுகிறதே என்று கூட்டைப் பிரித்துவிட மட்டும் கூடாது. வந்ததும் கசங்கின துணி மாதிரி இறக்கையோடு எதையாவது பற்றித் தொங்கும். வயிற்றிலிருந்து ரத்தத்தை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளி, கால் மணி நேரத்தில் இறக்கையை முழுசாக விரித்துவிடும். அந்த நேரத்தில் கீழே விழுந்தாலோ தொங்க இடம் இல்லாவிட்டாலோ இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. அதனால் டப்பா உயரமாக இருக்கட்டும், பக்கங்கள் வழுக்காமல் இருக்கட்டும். பின்னால் ஒரு துளி செம்பழுப்புத் திரவம் சொட்டும். ரத்தம் என்று நினைத்து யாரும் அலற வேண்டாம், கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது. இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டு, வாசலில் இக்சோரா பூ இருந்தால் அதன் பக்கத்தில் திறந்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறையில் முடிந்தால் தெலுக் பஹாங்குக்கு அழைத்துப்போங்கள். 1986ல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி 2016ல் எண்டோப்பியா என்று பெயர் மாறிய இடம், வகை வகையான கூடுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் டப்பாவில் வரும் அந்த முதல் கால் மணி நேரத்தில் மகனை ஒரு இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், முகத்தை. எல்லோரும் இறக்கையையே பார்ப்பார்கள். தேன் குடிக்கும் குழல் அப்போது ஒன்றாக இருக்காது, மெல்லிய இரண்டு இழைகளாகப் பிரிந்து தொங்கும். பூச்சி அதைச் சுருட்டும், நீட்டும், மறுபடி சுருட்டும், அப்படியே ஜிப் போடுவது மாதிரி அடியிலிருந்து நுனிவரை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துவிடுங்கள்.